நாற்பத்து மூன்று வீட்டுக்கும் ஒரே ஆள்

எங்கள் கம்பெனி மெத்தை விற்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் மாடிக்கு வந்து மூன்று மாதம் உட்கார்ந்திருந்தாலும் உங்களுக்கு அது தெரியவராது. அங்கே மெத்தை என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. மெத்தைக்குத் ‘தீர்வு’ என்று பெயர். வாங்குகிற மனிதருக்குப் ‘பதிவு’ என்று பெயர். வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர் சூடான பதிவு. போனை எடுக்காதவர் ஆறிப்போன பதிவு. இந்தப் பதிவுகளைச் சுத்தமாக வைத்திருப்பதுதான் என் வேலை.

வேலை கிடைத்த அன்று அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “பெருக்குற வேலையா?” என்றாள். பன்னிரண்டு வருடம் ஓர் அலுவலகத்தைப் பெருக்கித்தான் என்னைப் பட்டம் வாங்க வைத்தாள்.

“ஆமாம்மா. ஆனா உக்காந்துக்கிட்டு.”

“அப்ப சரி,” என்று நிம்மதியானாள்.

நான் சேர்வதற்கு முன் கம்பெனியில் ஐந்து கருவிகள் இருந்தன. இணையதளத்தில் ஒரு படிவம். லட்சம் பேருக்கு ஒரே நொடியில் மின்னஞ்சல் அனுப்ப ஒன்று. விற்பனை ஆட்களின் போனில் ஓர் ஆப். விளம்பரம் போட ஒன்று. டெலிவரிக்கு ஒன்று. ஐந்தும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது. அந்தக் காலத்தில் மெத்தைகள் ஒழுங்காக வீடு போய்ச் சேர்ந்தன என்று கிடங்கில் சொல்கிறார்கள். இதற்குப் புள்ளிவிவரம் கிடையாது என்பதால் யாரும் நம்புவதில்லை.

பிறகு சிஆர்எம் வாங்கினார்கள். வாடிக்கையாளரின் ஜாதகமே ஒரே இடத்தில் இருக்கும் பெரிய பேரேடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கருவிகளையும் அதில் இணைத்தார்கள். ஐந்தும் பேச ஆரம்பித்தன, ஒரே நேரத்தில். படிவம் போன் எண்ணுக்கு முன்னால் நாட்டின் குறியீட்டைப் போட்டது. ஆப் நடுவில் இடைவெளி விட்டது. மின்னஞ்சல் கருவி எந்த எண்ணைக் கண்டாலும் பாசத்தோடு ஒரு சுழியம் சேர்த்தது. ஒரே மனிதர் மூன்று பேராகி, மூன்று பேருக்கும் தனித்தனியாகப் பிறந்தநாள் வாழ்த்து போனது.

எது உண்மை என்று முடிவுசெய்ய ஒரு கூட்டம் போட்டார்கள். நாற்காலி பற்றாததால் நான் நின்றுகொண்டிருந்தேன். நான்கு மணி நேரம் ஆனது. பெயரைப் பொறுத்தவரை மார்க்கெட்டிங் சொல்வதே உண்மை, எண்ணைப் பொறுத்தவரை சேல்ஸ் சொல்வதே உண்மை, முகவரியைப் பொறுத்தவரை டெலிவரி சொல்வதே உண்மை என்று பாகம் பிரித்தார்கள்.

“வாடிக்கையாளர் வேற மாதிரி சொன்னா?” என்று கேட்டேன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தரவுத் தூய்மைத் துறையின் தலைவர் பொறுமையாகப் பதில் சொன்னார். “வாடிக்கையாளரை நாம ஆதாரமா எடுத்துக்க முடியாதும்மா. அவங்க உணர்ச்சிவசப்பட்டுப் பேசுவாங்க.”

இவரைத்தான் நாங்கள் சுத்தம் சார் என்போம். அவர் மேசையில் ஒரு காகிதம்கூட இருக்காது. கைகுலுக்கிய பிறகு கையைத் துடைத்துக்கொள்வார். மூன்று பேரை ஒருவராக்க அவர் கண்டுபிடித்த விதி மிகவும் எளியது: ஓர் எண், ஓர் ஆள். ஒரே போன் எண்ணில் எத்தனை பேர் இருந்தாலும் கணினி அவர்களை ஒருவராகச் சேர்த்துவிடும்.

“சார், ஒரு போனை நாலு பேர் வச்சிருப்பாங்களே?”

“ஒரு நம்பரை எப்படிம்மா நாலு பேர் வச்சிருக்க முடியும்?”

“எங்க வீட்டுல நான் காலேஜ் முடிக்கிற வரைக்கும் ஒரே போன்தான் சார். அது அப்பாவோட வேலைக்குப் போயிடும்.”

அவர் என்னை அனுதாபத்தோடு பார்த்தார். “அது உங்க வீட்டுப் பிரச்சினை. அதை சிஸ்டத்துக்குள்ள கொண்டு வராதே.”

சுவரில் ஒரு பெரிய திரை உண்டு. அதில் எங்கள் தூய்மை மதிப்பெண் ஓடிக்கொண்டே இருக்கும். விதி வந்த அன்று காலை அறுபத்தொன்றாக இருந்தது. மாலையில் தொண்ணூற்றொன்பது புள்ளி இரண்டு. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒரே மதியத்தில் எங்கள் வாடிக்கையாளர்களில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போயிருந்தார்கள்.

இப்போது கேட் அண்ணன்.

ஊருக்குள் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. நாற்பத்திரண்டு வீடுகள், மொட்டை மாடியில் ஓர் அறை. மொத்தமாக வாங்கினால் தள்ளுபடி என்று போன வருடம் அங்கே முகாம் போட்டோம். நாற்பத்திரண்டு வீடும் வாங்கின. வாங்கும்போது போன் எண் கேட்டோம். எங்களிடம் எண் கொடுத்தால் ஒரு நாளைக்கு நான்கு முறை கூப்பிடுவோம் என்பது ஊருக்கே தெரியும். அதனால் நாற்பத்திரண்டு வீடும், ஒரே மனதாக, வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளியின் எண்ணைக் கொடுத்தன. அவரை எல்லோரும் கேட் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

விதிப்படி நாற்பத்திரண்டு வீடும் கேட் அண்ணன் ஆயின.

அவர் பதிவை நான் திறந்து பார்த்தேன். வயது எழுபத்தாறு, ஒன்பது, முப்பத்து மூன்று. பாலினம் இரண்டும். பிள்ளைகள் அறுபத்தொன்று. முதுகு வலி, கழுத்து வலி, பிரசவத்துக்குப் பிந்தைய இடுப்பு வலி. பெயர் கட்டத்தில் சிலர் அடையாளம் எழுதியிருந்ததால் முழுப் பெயர் ‘டாக்டர் திருமதி லிஃப்ட் பக்கத்துல மூணாவது கதவு’ என்று இருந்தது. ஒரே வருடத்தில் நாற்பத்திரண்டு மெத்தை வாங்கிய மனிதர். நிலை: வைரம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நாள் மேல் மாடி அக்கா கேட் அண்ணன் போனிலிருந்து கூப்பிட்டாள். அதோடு சிரிப்பு போனது.

மொட்டை மாடி அறையில் குடியிருப்பவள். புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அவருக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் முடிந்திருந்தது. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தரையில் படுக்கக் கூடாது, குனிந்து எழக் கூடாது, கெட்டியான மெத்தையில்தான் படுக்கவேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். கட்டில் இருக்கிறது, வெறும் பலகை. சேர்த்து வைத்திருந்ததைப் போட்டு எங்கள் மெத்தை ஒன்றுக்கு முழுப் பணமும் கட்டிவிட்டாள். வீட்டில் இருக்கும் ஒரே போன் புருஷனோடு ஆஸ்பத்திரியில் இருப்பதால் கேட் அண்ணன் எண்ணைக் கொடுத்திருந்தாள்.

“ரெண்டு வாரமாச்சும்மா. கேட்டா ‘பரிசீலனையில் உள்ளது’ன்னு வருது. மெத்தையில என்ன பரிசீலிக்கிறீங்க?”

பார்த்தேன். அவளுடைய ஆர்டருக்கு மேல் சிவப்புக் கோடு இழுத்திருந்தது. ஏற்கெனவே நாற்பத்திரண்டு மெத்தை வாங்கிய அதே ஆள் மறுபடியும் அதே மெத்தை கேட்கிறார், கை தவறி அழுத்தியிருப்பார் என்று கணினி நிறுத்தி வைத்திருந்தது.

“அக்கா, இன்னைக்கே சரி பண்ணிடுறேன்,” என்றேன். எனக்கு அப்போது அனுபவம் போதாது.

அவளைத் தனியாகப் பிரித்து எழுதினேன். எண் கட்டத்தைக் காலியாக விட்டேன். காலியாக விடக் கூடாது என்றது. எங்கள் மாடிக்குக் கீழே இருக்கும் தையல் கடையின் எண்ணைப் போட்டேன். அந்த எண்ணில் ஏற்கெனவே பதினோரு பேர் இருந்தார்கள்; அக்கா பன்னிரண்டாவதாகக் கரைந்துபோனாள். தோண்டி எடுத்து என் சொந்த எண்ணைப் போட்டேன். உடனே பச்சை விளக்கு எரிந்தது. சரியாகப் பதினைந்து நிமிடம். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கருவிகள் ஒன்றையொன்று சரிபார்க்கும். எண்ணைப் பொறுத்தவரை சேல்ஸ் ஆப் சொல்வதே உண்மை என்பதால் அது பழையபடி கேட் அண்ணன் எண்ணை எழுதியது. நான் மாற்றினேன். அது மாற்றியது. மதியச் சாப்பாட்டுக்குள் பதினான்கு தடவை மாற்றியிருந்தோம். அதற்குக் கை வலிக்காது.

நடுவில் என் போன் அடித்தது. இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த விற்பனைக்காரர்.

“வணக்கம் மேடம். உங்க கணவருக்கு ஆபரேஷன்னு கேள்விப்பட்டோம். அவரோட தூக்கத் தீர்வு பத்திப் பேச இது சரியான நேரமா?”

“நான் இங்கதான் இருக்கேன். திரும்பிப் பாருங்க.”

அவர் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே எழுதி வைத்ததைத் தொடர்ந்து படித்தார். “மேடம், வாழ்க்கையில மூணுல ஒரு பங்கு நாம தூங்குறோம்.” முழுவதும் படித்து முடிக்காமல் வைத்தால் அவருக்கு மதிப்பெண் குறையுமாம். நான் முழுவதும் கேட்டேன். நன்றி சொல்லி வைத்தார்.

சுத்தம் சாரிடம் போனேன்.

“சார், கேட் அண்ணனை நாற்பத்து மூணு பேராப் பிரிக்கணும்.”

“பிரிச்சா என்ன ஆகும் தெரியுமா? ஒரே நம்பர்ல நாற்பத்து மூணு டூப்ளிகேட். மதிப்பெண் தொண்ணூத்தெட்டுக்கு விழும். வெள்ளிக்கிழமை எம்.டி. வர்றார்.”

“ஆபரேஷன் பண்ணவர் அதே வெள்ளிக்கிழமை வர்றார் சார்.”

“அவர் நம்ம அழைப்புப் பட்டியல்ல இல்லையே.”

“சார், அவங்க பணம் கட்டியிருக்காங்க. நிஜ மனுஷங்க.”

“நிஜத்தைப் பத்தி எனக்குச் சொல்லாதே. பதினெட்டு வருஷமா இந்தத் துறையில இருக்கேன். நிஜம் எவ்வளவு அழுக்குன்னு எனக்குத் தெரியும்.” சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். “வேணும்னா வாடிக்கையாளரே உறுதிப்படுத்தட்டும். அதுக்கு வழி இருக்கு.”

வழி இருந்தது. பதிவில் உள்ள எண்ணுக்குக் கணினியே போன் செய்யும். எடுப்பவர் தன் முழுப் பெயரைப் பதிவில் உள்ளபடி சொல்லவேண்டும். அந்த மாலை நானே குடியிருப்பு வாசலுக்குப் போய்க் கேட் அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டேன். ஒல்லியான மனிதர். பிளாஸ்டிக் நாற்காலியில், தொள தொளவென்ற சீருடையில் இருந்தார். மடியில் நாற்பத்திரண்டு வீட்டுக்கும் வந்த கடிதக் கட்டு.

“அண்ணே, உங்க பேர் டாக்டர் திருமதி லிஃப்ட் பக்கத்துல மூணாவது கதவுன்னு சொல்லணும்.”

“சொல்லிட்டாப் போச்சு. இதைவிட மோசமால்லாம் என்னைக் கூப்பிட்டிருக்காங்க.”

போன் வந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னார். குரல் ஆண் குரலாக இருப்பதால் திருமதியோடு பொருந்தவில்லை என்றது கணினி. அக்கா இறங்கி வந்து சொன்னாள். டாக்டரைப் போல் இல்லை என்றது. அது எப்படித் தெரியும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

“விடும்மா,” என்றாள் அக்கா. குரல் இறங்கிப்போனது. “பணத்தையாவது திருப்பிக் குடுப்பாங்களா?”

பணம் திரும்பவேண்டுமானால் கட்டியவர் அவள்தான் என்று நிரூபிக்கவேண்டும். கேட் அண்ணன் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, “பரவால்லக்கா, இன்னும் ரெண்டு நாள் இருக்கு,” என்று பேச்சை மாற்றினார்.

இதற்குள் மேல் தளத்தில் ஒரு பெரிய மகிழ்ச்சி பரவியிருந்தது. மார்க்கெட்டிங் தலைவியை நாங்கள் புனல் மேடம் என்போம். உலகத்தில் உள்ள அத்தனை பேரையும் மேலே ஊற்றினால் கீழே வாடிக்கையாளர்கள் சொட்டுவார்கள் என்பது அவர் கொள்கை. பலகையில் எப்போதும் ஒரு புனல் படம் வரைந்து வைத்திருப்பார். அவர் வைரப் பட்டியலைத் திறந்து கேட் அண்ணனைக் கண்டுபிடித்துவிட்டார்.

“இவர்தான் நான் தேடிக்கிட்டிருந்த மனுஷர்,” என்று கூட்டத்தில் சொன்னார். “குழந்தையும் இவரே, முதியவரும் இவரே. எல்லா வலியும் இவருக்கு இருக்கு. எல்லா மாடலும் வாங்கியிருக்கார். ஒரு புகார் இல்லை. ஒரு போன்ல கூட நம்மகிட்ட மரியாதைக் குறைவாப் பேசினதில்லை.”

“மேடம், அவர் ஒரு காவலாளி,” என்றேன்.

“பாத்தீங்களா, எல்லா வருமானப் பிரிவையும் தொட்டுட்டோம்.”

விளம்பரக் கருவிக்கு உத்தரவு போனது: இவரைப் போலவே இன்னும் பத்தாயிரம் பேரைக் கண்டுபிடி. கருவி விசுவாசமானது. அன்று முதல் ஊரில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் எல்லாக் காவலாளிகளின் போனிலும் எங்கள் விளம்பரம் வந்தது: ‘எழுந்திருக்க மனமே வராது.’ இரண்டு கட்டடங்களில் வேலை போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

வெள்ளிக்கிழமையைத் தரவுத் தூய்மை தினமாகக் கொண்டாடுவது என்றும், கேட் அண்ணனுக்கு ஆண்டின் சிறந்த வாடிக்கையாளர் விருது கொடுப்பது என்றும் முடிவானது. எல்லோரும் வெள்ளை உடையில் வரவேண்டும். வெள்ளைக் கையுறை கம்பெனி கொடுத்தது. அரங்கின் நடுவே, மேடைமேல், அலங்காரத்துக்காக எங்களுடைய கெட்டி மெத்தை ஒன்றைக் கிடத்தியிருந்தார்கள். ஆலையில் செய்து பார்த்த முதல் மாதிரி. விற்பனைக்கு இல்லை என்பதால் அதற்கு எண் இல்லை, கணக்கு இல்லை, எந்தக் கருவிக்கும் அது தெரியாது.

உறுதிமொழி எடுத்தோம். “ஒரு வாடிக்கையாளர், ஒரு பதிவு, ஓர் உண்மை.” கையுறை போட்டிருந்ததால் கைதட்டல் சத்தமே வரவில்லை.

சுத்தம் சார் பேசினார். “இரண்டு ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் மூன்று லட்சம் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். எல்லாம் குப்பை. இன்று ஒரு லட்சத்து எண்பதாயிரம் பேர்தான் இருக்கிறார்கள். இதே வேகத்தில் போனால் இன்னும் மூன்று ஆண்டுகளில் நம் பேரேட்டில் ஒரு தூசிகூட இருக்காது என்று உறுதியளிக்கிறேன்.”

எம்.டி. பெருமிதத்தோடு தலையாட்டினார்.

கேட் அண்ணன் அரை நாள் விடுப்பு எடுத்து, இஸ்திரி போட்ட சீருடையில் வந்திருந்தார். சால்வைக்குப் பதிலாக வெள்ளைப் படுக்கை விரிப்பு போர்த்தினார்கள். அடுத்த மெத்தைக்கு இருபது விழுக்காடு தள்ளுபடிச் சீட்டு கொடுத்தார்கள். புனல் மேடம் ஒலிவாங்கியை நீட்டினார்.

“சார், எங்க மெத்தையோட உங்க அனுபவத்தைப் பகிர்ந்துக்கோங்க.”

“நான் மெத்தையில படுத்ததே இல்லைங்க.”

எம்.டி. முன்னால் சாய்ந்தார். “நாற்பத்திரண்டு வாங்கி, ஒண்ணுலகூடப் படுக்கலையா? இந்தத் தியாகத்தைப் பாருங்க.” கையுறைகள் மெத்தென்று தட்டின.

“அதெல்லாம் வீட்டுக்காரங்க வாங்கினதுங்க. நான் கேட்டுல காவலுக்கு இருக்கவன். மேல் மாடி அக்கா ஒருத்தங்கதான் இன்னும் மெத்தை வராம இருக்காங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

சுத்தம் சார் சிரித்துக்கொண்டே அவர் தோளைத் தொட்டார். கையுறை இருந்ததால் தைரியமாகத் தொட்டார். “சார், மேல் மாடி அக்கா நீங்கதான்.”

“நானா?”

“உங்க பதிவுலதான் இருக்காங்க.”

“அவங்க புருஷன்?”

“அதுவும் நீங்கதான் சார்.”

“அப்ப ஆபரேஷன்?”

“உங்களுக்குத்தான் நடந்திருக்கு. சீக்கிரம் குணமாகணும்னு கம்பெனி சார்பா வேண்டிக்கிறோம்.”

கேட் அண்ணன் சுத்தம் சாரை மேலும் கீழும் பார்த்தார். முப்பது வருடம் வாசலில் உட்கார்ந்து, யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்று பார்த்துப் பழகிய கண் அது. மெதுவாக மேடை நடுவே போய் மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தார்.

“கெட்டிதான்,” என்றார். “சார், ஒரு சந்தேகம். அந்த அக்கா நான்தான்னா, அவங்க கட்டின பணமும் நான் கட்டினதுதானே?”

“நிச்சயமா. சிஸ்டம் அப்படித்தான் சொல்லுது.”

“நாற்பத்து மூணுக்குக் காசு கட்டியிருக்கேன். நாற்பத்திரண்டுதான் வந்திருக்கு.”

சுத்தம் சார் கைபேசியில் பார்த்தார். “ஆமா. ஆனா அது நிறுத்திவச்ச ஆர்டர்…”

“நிறுத்தினதை வாடிக்கையாளரே உறுதி பண்ணா விடலாம்னு இந்தப் பொண்ணு சொல்லுச்சு. நேர்லயே வந்திருக்கேன். ஆளு நான்தான்னு இப்பதான் நீங்களே இத்தனை பேர் முன்னாடி சொன்னீங்க. முதுகு வேற ஆபரேஷன் பண்ணிருக்கு.”

புகைப்படக்காரர் படம் எடுத்தார். புனல் மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இது விளம்பரத்துக்கு அப்படியே வைக்கலாம்,” என்று எம்.டி. காதில் சொன்னார். எம்.டி. எழுந்து, “எடுத்துக்கிட்டுப் போங்க சார், இந்தக் கம்பெனியே உங்களோடதுதான்,” என்றார். முடிப்பதற்குள் கேட் அண்ணன் ஒரு முனையைத் தூக்கிவிட்டார். மறு முனையைத் தூக்க ஆள் தேடி அவர் பார்த்தபோது நான் மேடையில் இருந்தேன். கையுறையைக் கழற்றி எங்கே போட்டேன் என்று ஞாபகம் இல்லை.

கெட்டி மெத்தை வளையாது. லிஃப்டில் நுழையாது. வாடகைக்குப் பிடித்த சரக்கு வண்டியிலிருந்து இறக்கி, ஐந்து மாடிப் படி ஏற்றினோம். ஒவ்வொரு திருப்பத்திலும் கேட் அண்ணன், “உன் பக்கம் தூக்கும்மா, டாக்டருக்கு மூச்சு வாங்குது,” என்றார். அறைக்குள் வேன் ஓட்டுநர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஒரு மணி நேரமாக உட்காரவும் முடியாமல் படுக்கவும் முடியாமல் அப்படியே நிற்கிறாராம். பலகைமேல் மெத்தையைப் போட்டோம். அக்காவும் கேட் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி, அவரை அங்குலம் அங்குலமாகச் சாய்த்தார்கள். முதுகு படிந்ததும் அவர் வாயிலிருந்து ஒரு நீளமான மூச்சு வந்தது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு தலையணை தேடினாள்.

என் போன் அடித்தது. சுத்தம் சார்.

“அந்த மேடை மெத்தை எந்தப் பதிவுல போச்சுன்னு ஏத்தணும். கேட் நம்பர்ல போடு.”

போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஏற்கெனவே நாற்பத்திரண்டு வாங்கிய அதே ஆள். சிவப்புக் கோடு. தவறுதலாகப் போன பொருளைத் திருப்பி எடுக்க டெலிவரிக் கருவி தானாகவே வண்டி அனுப்பும். போடாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். திங்கட்கிழமையோடு என் மூன்று மாதச் சோதனைக் காலம் முடிகிறது.

“சார், இங்க நெட்வொர்க் இல்ல.”

“இல்லாம எப்படிப் பேசிக்கிட்டிருக்கே?”

“அதான் சார் எனக்கும் புரியல. போனையும் நெட்வொர்க்கையும் இன்னும் இணைக்கலை போல.”

வைத்துவிட்டேன். கட்டிலிலிருந்து வேன் ஓட்டுநர் மெல்லிய குரலில் கேட்டார். “கம்பெனியாம்மா? வாங்கிக்கிட்டதுக்குக் கையெழுத்து போடணுமா? பேனா இருந்தாக் குடு.”

“எங்கயும் போட வேணாம்ணே,” என்றேன். “நீங்க அசையாமப் படுங்க.”